மாவுத்தொட்டியும் என் மூக்கும்

பாறைக்காடு என்று எல்லோரும் கைவிட்ட நிலத்தில் கிணறு வெட்டினேன். எடப்பாடிக்கு அப்பால், மின்சாரம் எட்டிப் பார்க்காத இடத்தில் ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தினேன். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் சேகோ பேக்டரியைக் கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். செங்கல்லுக்கு நூல் பிடித்ததுகூட நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் தொழிலில் மூக்குத்தான் எஜமான். கிழங்குப் பால் தொட்டியில் நின்று, மாவு அடியில் படியும். அதில் ஒரு சிட்டிகை கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்து முகர வேண்டும். அளவுக்கு மேல் புளித்திருந்தால் ஜவ்வரிசி வெளுக்காது, கழுநீர் நிறத்தில் நிற்கும். விடியலில் நான் முகர்ந்து தலையாட்டிய பிறகே வறுக்கும் அடுப்பு எரியும். எழுபதுகள் முழுக்க அந்தத் தலையாட்டல் தப்பியதில்லை.

எண்பதுகள் பிறந்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. சோப்பு மணக்கவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னுக்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன். வெறும் காற்று. உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்தது, நின்றால் விட்டது, நடந்தால் மறுபடி பிடித்தது. பீடி பற்றவைத்தேன், அதுவும் மணக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூக்கில்லாத முதலாளியின் பேச்சை எந்த அடுப்பு கேட்கும்?

ஒரு விடியலில் வழக்கம்போல் முகர்ந்து தலையாட்டினேன். பின்னால் வந்த என் வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, இதையா வறுக்கச் சொல்றீங்க? செத்த எலியாட்டம் நாறுதுங்க."

"உனக்குச் சளி புள்ள."

"எனக்குச் சளியா? சித்த இருங்க." வீட்டுக்குள் போய் வந்தாள். "கண்ணை மூடுங்க. இது என்ன?"

"மாவு."

"இது?"

"அதுவும் மாவுதான்."

"கண்ணைத் தொறங்க சாமி!"

அவள் இன்னொரு கையில் இருந்தது கருவாடு. "மூக்கை எங்க கழட்டி வெச்சுட்டு வந்தீங்க?" என்றாள். அடுப்படி ஆட்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றே என்னைச் சேலத்துக்கு பஸ் ஏற்றினாள்.

அஸ்தம்பட்டி டாக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு, நான் நின்று நின்று நடந்து வந்ததைக் கவனித்திருப்பார் போல, நான் கேட்காமலே என் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுட்டு வருது. பிரஷரும் இருக்கு."

"குழாய் அடைச்சாக் கழட்டிக் குத்தி எடுப்பனுங்க."

"இதைக் கழட்ட முடியாதுங்களே."

"மூக்குங்க?"

"வயசு ஒண்ணு, பீடி ஒண்ணு. ரத்த ஓட்டம் குறைஞ்சதும் சேர்ந்திருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. மூக்கு திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். பீடியை விட்டு, மாத்திரை போட்டு, தினம் நடந்தா காலைக் காப்பாத்தலாம்."

திரும்பும் வழியில், சங்ககிரிக்கு முன்னாலேயே பீடிக்கட்டை ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். மறுநாள் தொட்டியடியில் ஆட்கள் அத்தனை பேர் முன்னால் அவளிடம் சொன்னேன்: "இனி நீ மோந்து பாரு. நீ சொன்னாத்தான் அடுப்பு."

அன்று முதல் அவள்தான் தலையாட்டுகிறாள். கால் வலி குறைந்தது. மூக்கு வரவில்லை. இருந்தும் விடியலில் படுக்கை கொள்ளாமல் எழுந்து போய்த் தொட்டியைச் சுற்றுகிறேன், மாவைக் கிள்ளுகிறேன், அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

'அம்மா மூக்கால்தான் சரக்கு வெள்ளை' என்று வியாபாரிகள் பேசுகிறார்கள். பேசட்டும், உண்மைதான். ஆனால் அந்த மூக்கை ஊரறியத் தொட்டியடியில் நிறுத்தியவன் யார்? தன் மூக்கு போனதை ஒப்புக்கொண்டு ஒதுங்கிய முதலாளி இந்தப் பக்கத்தில் வேறு எவன்? அவள் பேரைச் சொல்லும்போது பக்கத்திலேயே என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.