போட்டு வாறன்

எங்கள் நகரத்துக்கு வெளிநாட்டில் ஒரு சகோதரி நகரம் கிடைத்தபோது, வரவேற்புக் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அப்ப உவை எங்களுக்கு அக்காவோ, தங்கச்சியோ?" குருநகரில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்று, வந்தவர்களுக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

வந்தவர்களில் குழந்தைகளின் இருதய வைத்தியரான ஒரு பெண்ணும் இருந்தார். எனக்கு அவர் மட்டும் போதும். நடனமும் கண்காட்சியும் யாருக்கு வேண்டும்? என் மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. இரண்டு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். கொழும்பில் காத்திருப்பவர்களின் வரிசையோ முடிகிற பாடாக இல்லை.

டொக்டர் அவளைச் சோதித்துப் பார்த்தார். அடுத்த வருடம் சத்திரசிகிச்சைக் குழுவோடு வந்து இங்கேயே செய்துவிடலாம், அதற்குமேல் தள்ளிப்போடக்கூடாது என்றார். உங்கள் ஊர்தான் பெரியது, அப்படியென்றால் நீங்கள்தான் அக்கா என்றேன். அன்றிலிருந்து மகளுக்கு அவர் பெரியம்மா.

புறப்படும்போது "போறன்" என்றார். ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும் என்று திருத்தினேன். அதற்குப் பதில் "போட்டு வாங்கோ" என்பதையும் படிப்பித்தேன். அது வெறும் மரியாதைப் பேச்சு, திரும்பி வருவேன் என்ற வாக்கு இல்லை என்றும் விளக்கினேன். அவர் மகளின் கன்னத்தைத் தொட்டு அழகாகச் சொன்னார். விளக்கம் கொடுத்த நானே அதை நம்பினேன். விசரி.

அடுத்த வருடம் அங்கே நகரசபை மாறிவிட்டதாம். இனிக் கலாசாரப் பரிமாற்றம் மட்டும்தானாம், அதுவும் இணையத்தில், சூமில். மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்திக் கொளுத்தி எனக்குக் கைதான் சுட்டது. மகள் இப்போது கட்டிலிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இடையில் குந்திவிடுகிறாள்.

போன கிழமை பாடசாலை மண்டபத்தில் திரை கட்டி, பிள்ளைகளை ஆட வைத்தார்கள். திரையின் மூலையில் டொக்டரின் முகம் தெரிந்தது. மகள் என் மடியிலிருந்து மூச்சிரைக்கக் கையசைத்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்க விடுங்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கெஞ்சினேன். இது அதற்கான இடமில்லை ரீச்சர் என்றார்.

முடிவில் டொக்டர் கைகூப்பி, உச்சரிப்புப் பிசகாமல் சொன்னார்: "போட்டு வாறன்."

மண்டபமே "போட்டு வாங்கோ" என்றது. நான் எழும்பிக் கத்தினேன்: "கெதியா வாங்கோ டொக்டர், பிள்ளை தாங்கமாட்டாள்."

ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு அந்த நேரம் ஒரு ஆங்கிலச் சொல்லும் வாயில் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். நான் படிப்பித்த பதிலைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.