தகர விமானமும் நான் குறுக்கே அடித்த கூரையும்

நான் ஒரு மடையன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரிப் பெருமைப்பட வேண்டாம். பல்லேகலவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், நான் எழுதுவதற்கென்று ஒரு சின்ன அறை கட்டினோம். கூரைத் தகரத்தை நானே அடித்தேன். குறுக்கே அடித்தேன். தகரத்தின் நெளிவுகள் மேலிருந்து கீழே இறங்காமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போயின.

குற்றவாளி ஒரு விமானம். அதன் வரலாற்றைத்தான் அப்போது புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தேன். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் செய்தது. முழுக்க உலோகத்தாலான முதல் பயணிகள் விமானம். அதற்கு முன்னால் பறந்தவை பெரும்பாலும் மரச் சட்டம், மேலே துணி, இழுத்துக் கட்டக் கம்பி. கொடியில் காயப்போட்ட வேட்டிக்கு இஞ்சின் பூட்டிய மாதிரி. இதைச் செய்தவரோ குளியலறைக்கு வெந்நீர்க் கருவி செய்து விற்றவர்! போர்க்காலத்தில் அவர் இரும்பில் செய்த முதல் விமானத்துக்குத் 'தகரக் கழுதை' என்று பட்டப்பெயர். மனுஷன் விடவில்லை. அடுத்து பாரமில்லாத கலப்பு உலோகத்தில், உடம்பெல்லாம் நெளிநெளியாக இதைச் செய்தார். மூடிய அறைக்குள் மெத்தை இருக்கையில் நான்கு பயணிகள்; விமானி மட்டும் முன்னால் காற்றில். மிதவை பூட்டினால் ஆற்றில் இறங்கும், சறுக்குக்கட்டை பூட்டினால் பனியில் இறங்கும். எழுத எழுத எனக்கே இறக்கை முளைத்தது.

படத்தில் அந்த நெளிவுகள் மூக்கிலிருந்து வாலுக்கு, காற்று போகிற திசையிலேயே போகும். எங்கள் மேட்டில் காற்று பக்கவாட்டில் வரும். ஆகவே நெளிவும் பக்கவாட்டில் என்று முடிவெடுத்தேன். காற்றுக்குக் கணக்குப் பார்த்தவன் தண்ணீரை மறந்துவிட்டேன்.

முதல் மழையிலேயே ஒழுகியது. மேசையில் கிடந்தது என் கையெழுத்துப் பிரதி. வேறு பிரதி கிடையாது. அச்சகக்காரர் திங்கட்கிழமைக்குள் கேட்டிருந்தார். மிதவை பூட்டி ஆற்றில் இறங்கிய அத்தியாயம்தான் முதலில் நனைந்தது.

"ஏங்க, ப்ளேன் தண்ணியில எறங்கிருச்சா?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே ஈரத்தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். மிச்சத் தாள்களை அலுமாரிக்குள் திணித்தோம். அலுமாரிக்கு மேலேயும் சொட்டியது. இன்னொரு மழை வந்தால் புத்தகம் கூழ்.

மறுநாள் திகனவிலிருந்து கூரை வேலை செய்கிற பாஸைக் கூட்டிவந்தோம்; எங்கள் பக்கம் மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஏணியில் ஏறியவர் ஓர் ஆணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"தகரத்தையும் குறுக்க போட்டு, ஆணியையும் மேட்டுல அடிக்காம பள்ளத்துல அடிச்சிருக்கு. யாரு சேர் இந்த வேல பாத்தது?"

"ஒரு ஆளு, பாஸ்."

"அந்த ஆள இனிமே கூப்பிடாதீங்க."

"கூப்பிடத் தேவையில்ல பாஸ்," என்றாள் மனைவி. "கீழ ஏணியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

உன்னஸ்கிரிய பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாஸ் மளமளவென்று ஆணியைப் பிடுங்கி, தகரங்களைப் புரட்டி, நெளிவு கீழே இறங்கும்படி திருப்பி அடிக்கத் தொடங்கினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கீழே நின்றபடியே வெந்நீர்க் கருவி, தகரக் கழுதை, நான்கு மெத்தை இருக்கை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"அதோட உடம்பு பூரா நெளியலைத் தகடு, பாஸ்." அது என் சொந்தத் தயாரிப்புச் சொல். மூன்று நாள் யோசித்தது.

"அது என்ன தகடு?"

"இந்தா, இது மாதிரித்தான்."

"அப்ப தகரம்னு சொல்லுங்க சேர்."

"ஏன் நெளிச்சாங்கன்னா..."

"மட்டத் தகடு கைய வச்சாலே மடங்கிரும். நெளிச்சா ஆளே ஏறி நிக்கலாம்."

மூன்று பக்கத்தில் நான் திணறிய விஷயம்! மறந்துபோகுமுன் எழுதிவைக்க உள்ளே ஓடினேன். "ஏணி! ஏணி!" என்று மனைவி கத்திய பிறகுதான் என் கையில் ஏணி இல்லை என்பது உறைத்தது. திரும்பி ஓடிவந்து பிடித்தேன். அன்றைக்கே நெளியலைத் தகட்டைப் புத்தகம் முழுக்க அடித்துவிட்டுத் தகரம் என்று எழுதினேன்.

கடைசித் தகரம் ஏறவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மூன்று பேரும் அறைக்குள் கொடித் தாள்களுக்கு நடுவே அண்ணாந்து நின்றோம். மேலே மத்தளம் அடிக்கிற சத்தம். அலுமாரி மேல் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்த பலகை. ஒரு சொட்டு இல்லை. புத்தகம் பிழைத்தது!

சந்தோஷத்தில் பாஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாஸ், அந்த விமானம் இப்ப இங்க வந்து நின்னா ஏறுவீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தகரம் அடிச்சது யாருன்னு கேட்டுட்டுத்தான், சேர்."