ஒரு சிவப்புதானே, அண்ண

பிள்ளைகளே, கடை மேசைக்குக் கீழே இருக்கும் தகர ரின்னுக்குள் ஏன் ஐந்து கரம் பலகைக் காய்ப் பெட்டிகள் உடைத்து வைத்தபடி கிடக்கின்றன, அவற்றில் ஒன்றில்கூட ஏன் சிவப்பு இல்லை என்று போன கிழமை கேட்டீர்கள். அப்போது கடையில் ஆள் நின்றதால் சொல்லவில்லை. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கடையைத் திறந்தபோது முன்பக்கம் கொப்பி, பேனை வைத்தேன். பின்பக்கம் பந்து, பட், கரம் சாமான்கள். விளையாட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே வந்து சிரித்துக்கொண்டே போவார்கள் என்று ஒரு நினைப்பு. வந்தவர்களில் ஒருவர் கடலில் விழுந்து ஊறிய பந்தைக் காட்டி மாற்றித் தரச் சொன்னார். இன்னொருவர், "காத்து அள்ளிக்கொண்டு போகாத ஷட்டில் இருக்கா?" என்று கேட்டார். கடற்கரையில் நின்று ஆடுகிறவர் அவர்.

பிறகு ஒருநாள் ஒருவர் வந்து ஒரேயொரு சிவப்புக் காய் கேட்டார். கரத்தில் கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். முழுப் பெட்டியாகத்தான் விற்கலாம் என்றேன்.

"ஒரு சிவப்புதானே, அண்ண. மிச்சத்தை வேற ஆக்களுக்குக் குடுங்களன்."

முகத்தைப் பார்த்துப் பெட்டியை உடைத்துக் கொடுத்துவிட்டேன். சிவப்பு இல்லாத பெட்டியை யார் வாங்குவார்கள்? அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. கதை பரவி, கொஞ்ச நாளில் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் கேட்டது சிவப்பு மட்டும். பெட்டிகள் வீணாகிறதே என்ற கவலையைவிட, இந்தச் சிவப்பெல்லாம் எங்கேதான் போகிறது என்ற யோசனைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வீதியோரக் கானுக்குள் விழுந்து தண்ணீரோடு போனது என்றார் ஒருவர். ஆடு தின்றது என்றார் இன்னொருவர். மற்ற மூவரும், "தெரியாது அண்ண, இருந்தது, இப்ப இல்ல" என்றார்கள்.

நான்காவதாக வந்து வாங்கியவர் நம்முடைய வீதி விளையாட்டுக் கழகத்தின் தலைவர். துறைமுகத்தில் வேலை செய்கிறவர். கழகத்துக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் நம்மிடம்தான் எடுப்பார். அந்தக் கழகம் போனால் கடையின் பின்பக்கத்தை மூட வேண்டியதுதான். அவர் ஒரு வியாழக்கிழமை திரும்பவும் வந்தார். லேஞ்சியில் முடிந்து கொண்டு வந்த காய்களை மேசையில் பரப்பினார்.

"அண்ண, நீங்க தந்த சிவப்பு தடிப்பு. மற்றதுகளோட வச்சுப் பாருங்க."

"இதுகள் எத்தனை வருசம் தேய்ஞ்ச காய், தம்பி. அது புதுசெல்லோ?"

"அதைத்தான் சொல்றன். புதுசு வேணாம். இதுகளைப் போல தேய்ஞ்ச புதுசு வேணும்."

"அப்பிடி ஒண்டு எந்தக் கொம்பனியும் செய்யாது."

"நீங்க செய்யுங்களன். ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாக்காரரோட மெச். தோத்தால் உங்கட கடைச் சாமானாலதான் தோத்ததெண்டு ஊர் முழுக்கச் சொல்லுவன். பிறகு ரவுண் கடைக்குத்தான் போவம்."

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஓம் என்றேன். அப்படியொன்றைச் செய்ய முடியுமா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அவர் விட்டுப்போன அந்தச் சிவப்பை அரத்தாளில் வைத்துத் தேய்த்தேன். கண்ணாடியில் வைத்து அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். தடிப்புச் சரியாக வந்தது. ஆனால் சிவப்பு மேலே மட்டும்தான் பூசியிருந்தார்கள் போல, உள்ளே வெறும் மரம் தெரிந்தது. உங்கள் அம்மாவின் நகப்பூச்சைப் பூசினேன். காய் ஓடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுரண்டிவிட்டு, கடையில் இருந்த முத்திரை மையை ஊற்றி ஊறவிட்டேன். நல்ல சிவப்பு.

"என்னப்பா, சாயம் போகாதா?" என்று அம்மா கேட்டார்.

"காய்ஞ்சால் போகாது" என்றேன். தெரிந்துதான் சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போன தலைவர், திங்கட்கிழமை காலை ஒரு பையோடு வந்தார். முகம் சரியில்லை.

"அண்ண, என்ன சாமான் செய்து தந்தனீங்க? வேர்வை பட்டு எல்லாற்ற விரலும் சிவப்பு!"

"மெச் என்னாச்சு?"

"ஆளுக்கு ஒரு ஆட்டம் வெண்டு, கடைசி ஆட்டத்துக்கு முதல் தேத்தண்ணி குடிக்க எழும்பினம். வந்து பார்த்தா சிவப்பக் காணேல்ல. வேற காய வச்சு ஆடுவம் எண்டாங்கள் கிண்ணியாக்காரர். நான் விடேல்ல. சிவப்பில்லாம என்ன ஆட்டம்? வாற ஞாயிறு கிண்ணியாவில மிச்சம். இன்னொண்டு செய்து தாங்க."

அதோடு விடவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தார்.

"இதையும் பாருங்க. உங்கட மை போட்ட வேலை. புதுச் சட்டை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

சட்டைப்பையின் அடியில் வட்டமாக ஒரு சிவப்புக் கறை. கரம் காயின் அளவு. நான் பார்த்தேன். கொப்பி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் கிட்ட வந்து பார்த்தார்.

"தம்பி, எல்லாருக்கும் விரலிலதானே பட்டது? உங்களுக்கு மட்டும் எப்பிடிப் பைக்குள்ள பட்டது?"

தலைவர் சட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சட்டையைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார். மடிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கட நல்ல ஆட்டக்காரன் நிலாவெளி ஹோட்டல்ல வேலைக்கு நிண்டிட்டான், அக்கா. அடுத்த ஞாயிறு அவனுக்கு லீவு. அதான்... பெடியளுக்குச் சொல்லிப்போடாதீங்க."

"நான் ஏன் சொல்றன்? ஆனா சிவப்ப நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. இன்னொண்டு தேய்க்க என்ர விரல் விடாது" என்றேன்.

ஓம் என்றார். அடுத்த ஞாயிறு அந்தக் காயோடு பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போய், கதிரைக்குக் கீழே கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தாராம். நல்ல ஆட்டக்காரரும் போயிருந்தார். ஆனாலும் தோற்றார்கள்.

கழகம் நம்மை விட்டுப் போகவில்லை. தலைவர் மறுநாளே கரம் பலகைக்குப் பவுடர் வாங்க வந்தார். ஏன் தோற்றீர்கள் என்று கேட்டேன்.

"உங்கட மைதான், அண்ண. காய் பாரமாப் போச்சு" என்றார், சிரிக்காமல்.

ரின்னுக்குள் பெட்டிகள் இருக்கும் கதை இதுதான். இப்போது நான் பெட்டி உடைப்பதில்லை. ஆனால் யாராவது வந்து சிவப்பு மட்டும் கேட்டால், என் கண் முதலில் அவருடைய சட்டைப்பைக்குத்தான் போகிறது.