அடிகுழாயைத் தொட்டுவிட்டு வா

என் மேசை இழுப்பறையில் பல வருடமாக ஒரு செத்துப்போன ரேம் கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்குள் செருகும் நினைவகத் துண்டு. பச்சை நிறம், ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள், பார்த்தால் சீப்பு மாதிரி இருக்கும். இனி எதற்கும் ஆகாது. எத்தனையோ முறை மேசையை ஒழித்தும் அதைத் தூக்கிப் போட மட்டும் மனம் வரவில்லை. கையில் எடுத்தால் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து எங்கள் வீடும், தண்ணீர் தெளித்த வாசற்படியும், என் தோளில் இருந்த அக்காவின் கையும் கனவில் வருவதுபோல மெல்ல வந்துவிடுகின்றன.

அக்கா அப்போது பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது காது மடலிலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பொடி மினுங்கும். அது எனக்கு அழகாகத் தெரிந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். நானோ சாத்தூரில் டிசைன் படித்துவிட்டு, யாரோ கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தேன். கடைசியில் சிவகாசி அச்சகம் ஒன்று, பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டிக்கு மயில் போட்ட லேபிள் கேட்டது. திங்கட்கிழமை கொண்டுபோனால் தொடர்ந்து ஆர்டர். இல்லாவிட்டால் மறுநாளே அக்காவோடு வேனில் ஏற வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனை நாள்தான் அவளும் பொறுப்பாள்.

ஆனால் அந்த மயில் என் கம்ப்யூட்டரில் முழுதாக வராது. தோகை மேலிருந்து வரிவரியாக இறங்கும். கழுத்து வந்ததும் திரை அப்படியே நின்றுவிடும். நீலக் கழுத்தோடு பாதி மயிலைப் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். சாத்தூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாய்தான், புது மெஷினெல்லாம் வேண்டாம், கூட ஒரு ரேம் போட்டால் போதும் என்றார். "பழசுதான் தங்கச்சி. ஆனா உங்க மெஷினுக்கு இது போதும், அம்புட்டு வேலையும் பாக்கும்" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை, காற்று உலர்ந்து கிடந்த மத்தியானம். நல்ல காரியமாயிற்றே என்று தலைக்குக் குளித்து, தீபாவளிக்கு எடுத்த நைலான் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டுகூட வைத்தேன். ரேமைத் தொட்டபோது விரல் நுனியில் சுரீரென்றது, எறும்பு கடித்த அளவுதான். செருகிவிட்டு சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று கத்தியதே தவிர திரை எழவில்லை. அதை உருவி எடுத்த பிறகுதான் மெஷின் பழையபடி ஓடியது.

அழுது வீங்கிய முகத்தோடு நான் படுத்திருக்க, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அக்கா சாத்தூருக்குப் போய் இன்னொரு ரேம் வாங்கி வந்தாள். "நைலான் துணி போட்டிருந்தியான்னு பாய் கேட்டாரு. ஒடம்புல இருந்து பொறி தாவி ரேம் செத்திருக்காம்" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவே இல்லையே என்று மறுபடி அழுதேன்.

"ஏட்டி, தெரியுற பொறிக்கு யாரு பயப்படுறா? நாங்க பயப்படுறது பூராம் தெரியாத பொறிக்குத்தான்."

சோற்றில் உப்பு குறைவு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவள் வேலைக்கு ஏன் நூல் சேலை மட்டும் கட்டுகிறாள் என்று ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை. அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும், உடம்பில் உள்ள மின்சாரம் மண்ணுக்கு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம் என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

பிறகு எங்கள் வீட்டையே கம்பெனி ஆக்கினாள். தன் நூல் சேலையைக் கட்டிவிட்டாள், வளையலைக் கழற்றச் சொன்னாள், வாசற்படியில் தண்ணீர் தெளித்தாள். செம்புத் தகடு இல்லையே என்று யோசித்துவிட்டு, "அடிகுழாயத் தொட்டுட்டு வா, அது மண்ணுக்குள்ளதான போவுது" என்றாள். குழாய் இரும்பு குளிர்ந்திருந்தது. வெறுங்காலோடு ஈரத்தில் நடந்து உள்ளே வந்தேன். அக்கா ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் தோளில் வைத்தாள். ரேம் டக்கென்று உட்கார்ந்தது. கறுப்புத் திரையில் நினைவகத்தை அளக்கும் எண்கள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் மேலே மேலே ஓடின. கொஞ்ச நேரத்தில் கழுத்து, மார்பு, கால் என்று மயில் முழுதாக வந்து நின்றது. "எம்புட்டு அழகா இருக்கு!" என்றாள் அக்கா.

நான் ஒரு நாளும் அந்த வேனில் ஏறவில்லை. அக்காவை அதிலிருந்து இறக்க எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. அந்த ஒன்பது வருடமும் நான் போட்ட லேபிள்களை ஒட்டிய பெட்டிகள் அவள் கம்பெனிக்கும் போயின.

இப்போது விருதுநகரில் என்னோடுதான் இருக்கிறாள். காலையில் என் மகள் ஓடி வந்தால், அக்கா முதலில் ஜன்னல் கம்பியைத் தொடுகிறாள், பிறகுதான் பிள்ளையைத் தூக்குகிறாள். வீட்டில் என்ன மருந்தா இருக்கிறது என்று நான் சிரித்துக் கேட்டதுண்டு. இப்போது கேட்பதில்லை. இழுப்பறையில் கிடப்பது செத்துப்போன ரேம்தான். ஆனாலும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் நானும் அதைக் கையில் எடுக்கிறேன்.