கேட்டிலிருந்து கதவு வரை

அந்த ஜன்னலுக்கு மூன்று கம்பிகள். நடுக்கம்பியில் மட்டும் பெயின்ட் உரிந்திருக்கும். என் நெற்றி பட்டுப் பட்டு உரிந்தது அது. பெங்களூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில், மாற்றுத்திறனாளி சான்றிதழ் கொடுக்கும் மருத்துவக் குழுவின் அறைக்கு வெளியே, பதினொரு வருடம் அட்டெண்டராக இருந்தேன். கான்ட்ராக்ட் வேலைதான். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, ஃபைலை உள்ளே கொண்டுபோய் வைப்பது என்று காகிதத்தில் போட்டிருந்தார்கள். காகிதத்தில் போடாத வேலை ஒன்றும் இருந்தது. அதற்குத்தான் அந்த ஜன்னல்.

வெளி கேட்டிலிருந்து எங்கள் கதவு வரை ஐம்பது அறுபது அடி இருக்கும். நடுவில் ஒரு டீக்கடை, இரண்டு சிமென்ட் பெஞ்சுகள். வருகிறவர்கள் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, குழுவின் தலைவரான பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "உள்ளே வந்துட்டா எல்லாரும் நொண்டுவாங்கப்பா. வெளியே எப்படி நடந்தாங்கன்னு நீ பாரு." சந்தேகம் இருந்தால் ஃபைலை அவர் மேஜையில் தலைகீழாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்தில் எதுவும் கிடையாது, வாயால் சொல்வதும் கிடையாது. தலைகீழாக இருக்கும் ஃபைலை அவர் திருப்பி வைத்துக்கொள்ளும்போதே விஷயம் அவருக்குப் போய்விடும்.

அந்த வேலையை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திருட்டுத்தனம் இல்லாமலும் இல்லை. முனை திரும்பும் இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, நண்பன் தள்ள வீல்சேரில் வந்து இறங்கினார் ஒருவர். வலது காலுக்கு மனு போட்டுவிட்டு அவசரத்தில் இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார் இன்னொருவர். அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்த நாட்களில் எனக்குச் சோறு இரண்டு கவளம் அதிகமாக இறங்கும். நாளாக நாளாக அந்தப் பார்வை ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. வீட்டில் என் மனைவி தலைவலி என்று படுத்தால், டிவி சத்தத்துக்கு அவள் முகம் சுளிக்கிறதா என்று பார்ப்பேன். அவளும் கொஞ்ச நாளில் தலைவலி என்று சொல்வதையே விட்டுவிட்டாள். தலைவலி போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஓர் அம்மா முதல் தடவை வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். துவைத்து மடித்த காட்டன் புடவை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம், ஜவுளிக்கடைப் பையில் ஸ்கேன் படங்கள். கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, நேராக, நிமிர்ந்து, கிட்டத்தட்ட வேகமாக நடந்து வந்தார். மனுவில் பார்த்தால், நான்கு வருடத்துக்கு முன்னால் வேலை செய்த வீட்டில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடி, தீராத வலி, இடது கால் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தது. பெஞ்சு காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். முதுகு வலிக்காரர் உட்கார மாட்டாரா என்ன என்று நினைத்து, ஃபைலைத் தலைகீழாக வைத்தேன்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனிதர். ஆனால் அவரிடம் இருந்தது ஓர் அட்டவணை. இடுப்பு எவ்வளவு வளைகிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு பலம் என்று அளந்து அளந்து சதவீதம் போட வேண்டும். நாற்பது வந்தால் பென்ஷனுக்கு மனு போடலாம், பஸ் பாஸ் வாங்கலாம். வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வலி என்று தனியாக அதில் ஒரு கட்டம் கிடையாது. அந்த அம்மா அன்றைக்குக் குனியச் சொன்னால் குனிந்தார், காலைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். நிரந்தரக் குறைபாடு இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்து, புது ஸ்கேனும் மறு பரிசோதனைக்கு மனுவுமாக அவர் மறுபடி வந்தார். கேட்டருகிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை நடையே வேறு. காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு முறை நின்று, இடது காலை வீசி வீசி வைத்து வந்தார். டீக்கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், அதிலும் உட்காரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. போன தடவை நேராக நடந்து கெட்டுப்போயிற்று, யாரோ ஏஜென்ட் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். மறுபடி தலைகீழ். டாக்டர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன தடவை நல்லா குனிஞ்சிருக்கீங்களேம்மா" என்றார். அந்த அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். மிகைப்படுத்துகிறார் என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதப்பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அவர் இன்னும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நமைச்சல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு இத்தனை தூரம் வந்த பிறகும் நொண்டுகிறாரா, இல்லை பஸ் திரும்பியதும் கால் சரியாகிவிடுமா? பார்த்துவிடுவது என்று அதே பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினேன். பாதி வண்டி காலி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர், "அம்மா, சீட் காலி இதெ, கூத்கோளி" என்று இரண்டு தடவை உட்காரச் சொல்லியும் தலையை ஆட்டிவிட்டு நின்றார். என் வீடு இருக்கும் அடுகோடி வந்தது. நான் இறங்கவில்லை.

ஈஜிபுராவில் இறங்கினார். அங்கேயும் நொண்டல்தான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கி, பையிலிருந்து மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்தார். விழுங்கினார். ஷட்டரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றார். கால்மணி, அரைமணி நேரம் இருக்கும். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார், கலைந்த முடியை ஒதுக்கினார், பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார். திரும்பியதும் நிமிர்ந்து, முதல் நாள் நான் பார்த்த அதே நடையில், நேராக நடந்தார்! பிடித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. கிட்டத்தட்ட ஓடிப்போய், "நில்லுங்கம்மா. இப்ப எப்படி நடக்க வருது?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனார். ஆனால் பயந்து பார்த்தது என்னை இல்லை, மேலே இருந்த ஜன்னல்களை.

"அண்ணா, மெதுவா பேசுங்க. உங்க கால்ல விழறேன், இங்க யாருக்கும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"எனக்கு முடியலங்கறது. நாலு வீட்டுல சமையல் பண்றேன்ண்ணா. அபார்ட்மென்ட் கேட்டுல நேரா நடந்து போகணும். இடுப்பு சரியில்லன்னு ஒரு மேடத்துக்குத் தெரிஞ்சா போதும், வாட்ஸ்அப்புல போட்டுடுவாங்க, மறுநாள் வேற ஆளு. இந்தச் சந்துலயே ரெண்டு பேரு அந்த வீடுங்களுக்குக் காத்துட்டு இருக்காங்க."

சர்டிபிகேட் வந்து பென்ஷனும் வந்தால் நாலு வீட்டில் இரண்டை விட்டுவிடலாம், இரண்டு வீடு என்றால் உடம்பு தாங்கும் என்பதுதான் அவர் போட்டிருந்த கணக்கு. முதல் தடவை ஏன் அப்படி நடந்தீர்கள் என்று கேட்டேன். "பெரிய டாக்டருங்க முன்னாடி முனகிட்டு நிக்கக் கூடாதுன்னு ரெண்டு மாத்திரை போட்டுட்டு வந்தேன்ண்ணா. பஸ்ல அவ்ளோ தூரம் வரணுமே. ரெண்டாவது தடவை, வலியை அவங்களே பாக்கட்டும்னு போடாம வந்தேன்." உட்கார்ந்தால்தான் அதிகம் வலிக்கும், முதுகிலிருந்து குதிகால் வரை இழுக்கும் என்றார்.

அப்போதும் நான் நம்பவில்லை. நன்றாகத்தான் கதை கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு வெளியே வந்து, "இன்னாக்கா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டாள். "பண்டிகை வருதில்ல, மேடம் முறுக்கு சுட வச்சுட்டாங்க!" என்று இவர் சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னார். அவள் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் சிரித்த முகம்தான் தெரியும். நான் நின்ற பக்கத்திலிருந்து அவருடைய இடது கை தெரிந்தது. பின்னால் இருந்த இரும்பு கிரில்லை அந்தக் கை பிடித்திருந்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்து, முழங்கை வரை நடுங்கியது. பதினொரு வருடமாகக் கால்களையே பார்த்தவன் நான். நடிப்பு நடந்ததென்னவோ உண்மைதான். அது எங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை, இந்தச் சந்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை, முதல் டோக்கனுக்கு முன்னால், பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். அந்த அம்மா விஷயத்தில் நான் பார்த்தது தப்பு சார், இரண்டு தடவையும் தப்பு, நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"ஹௌதா, அப்படியா? எங்க பார்த்தே?"

"அவங்க ஏரியால சார்."

"டியூட்டி முடிஞ்சு அவங்க ஏரியாக்கு எதுக்குப் போனே?"

சொன்னேன். பின்தொடர்ந்து போனேன் என்று வாயால் சொல்லும்போது எனக்கே அது நம்பும்படியாக இல்லை. பதினொரு வருடத்தில் ஒருவருக்குக் கூடப் பரிந்து பேசாதவன் இன்றைக்குப் பேசுகிறான் என்றால் அவருக்கு வேறென்ன தோன்றும்? குரலைத் தாழ்த்தி, வருத்தத்தோடுதான் கேட்டார். "எவ்வளவு வாங்கினே?"

தொண்டையைத் தொட்டு, சத்தியமாக இல்லை சார், என் பிள்ளைகள் மேல் ஆணை என்றேன். சொல்லும்போதே இது உதவாது என்று தெரிந்தது. சத்தியம் செய்கிறவர்களின் ஃபைலை நான் எப்போதும் தலைகீழாகத்தான் வைப்பேன். அவர் கையை ஆட்டிப் போகச் சொன்னார். அன்றைக்கே ஜன்னலில் வேறு ஆளைப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் கான்ட்ராக்ட் புதுப்பித்தபோது பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த அம்மா அதன் பிறகு அங்கே வந்தாரா, வந்திருந்தால் என்ன எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் விசாரித்தால் அதுவே அவருக்குக் கெடுதலாகும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒயிட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். காலை ஆறரைக்கு வேலைக்கார அம்மாக்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வருவார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், கேட்டுக்குப் பத்தடி முன்னால் கையை எடுத்துவிட்டு நிமிர்வார்கள். யார் யார் என்று எனக்கு அத்துப்படி. அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு நாள், ஆட்களை நன்றாகக் கவனித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். எனக்குப் பார்வை மட்டு சார் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதெல்லாம் இல்லை. எவ்வளவு வாங்கினே என்று டாக்டர் கேட்ட அதே நாள் சாயங்காலம், ஈஜிபுரா ஸ்டாப்பில் அந்த அம்மாவுக்காகக் காத்திருந்தேன். வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னல், தலைகீழ் ஃபைல், இரண்டு தடவையும் வைத்தது நான்தான் என்பது, காலையில் டாக்டரிடம் போனது, அவர் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு, ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"அப்பீல் போடலாம்னு சொல்றாங்கண்ணா. திரும்பவும் அந்த வழியாத்தானே வரணும்? நீங்க அங்கேயே இருந்தவரு, உங்களுக்குத் தெரியும். நான் எப்படி வரட்டும்? மாத்திரை போட்டுட்டு நேரா வரட்டுமா, போடாம இழுத்துக்கிட்டு வரட்டுமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நேராக வந்தால் நோய் இல்லை. இழுத்துக்கொண்டு வந்தால் நடிப்பு. ஆட்டோவில் கதவு வரை வந்து இறங்கினால், ஆட்டோவுக்குக் காசு இருக்கிறவருக்குப் பென்ஷன் எதற்கு என்று நானே நினைத்திருப்பேன். துணைக்கு ஆள் கூட்டிவந்தால், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த ஜன்னலில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மா எப்படி நடந்து வந்திருந்தால் நம்பியிருப்பேன் என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் சொன்னதை நம்பவில்லை என்று தெரிந்தது.

"சொல்லக் கூடாதுன்னா விடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் போனார்.