சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்த்தவர்

செய்தி வந்தபோது காலை பத்தே கால். ஃபேரர் பார்க்கில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில், கமலா அக்காவுக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்து அவர் மேசையில் வைத்திருந்தேன். அவருடைய தங்கை ரக்ஷனா அழைத்தாள். செங்காங் ரயில் நிலையத்தில் அக்கா மயங்கி விழுந்தாராம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கமலா அக்கா இருபது வருடங்களாகத் தமிழ்ப் படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் எழுதி வந்தார். தமிழ் தெரியாத வீடுகளில் எத்தனையோ பேர் அவர் எழுதிய வரிகளைப் படித்துச் சிரித்திருப்பார்கள், அழுதிருப்பார்கள். அவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டதும் இல்லை.

எந்தப் படம் வந்தாலும் முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தை வைத்தே கண்டுபிடிப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. "இவன் பாரு, பேசுறப்ப மூக்கைச் சொறியிறான். கண்டிப்பா சின்ன வீடு இருக்கு லா" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவர் கணவர் திலீப் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதுபவர். போன வருடம் முதன்முறையாக ஒரு முழுப் படம் எழுத வாய்ப்பு வந்தது. தம்பதிகளுக்குள் நடக்கும் துரோகத்தைப் பற்றிய உளவியல் திரில்லர் என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தார். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று கதையைச் சொல்லவில்லை. அக்கா பெருமையோடு எங்கள் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் படத்துக்குச் சப்டைட்டில் சென்னையில் போடுவதாக ஏற்பாடு. அங்கே தாமதமானதால் கடைசி நேரத்தில் எங்களிடம் வந்தது. இது திலீப்புக்குத் தெரியாது. வந்த பிரதியில் பெயர்களோ தலைப்போ இல்லாததால் அது யாருடைய படம் என்று எங்களுக்கும் தெரியாது.

வழக்கம்போல அக்கா சத்தமில்லாமல் பார்த்தார். சாங்கி கடற்கரை பங்களாவில் விடுமுறைக்கு வந்த இரண்டு ஜோடிகள். "பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, ப்ரியா. புருஷன்தான் அவளைப் பைத்தியமாக்குறான்" என்றார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வெகு நேரம் விசைப்பலகைச் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

படத்தில் அந்த மனைவிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருக்கிறது. அந்த வேதனையில் அவள் கணவனிடம் ஒரு வாக்கியம் சொல்கிறாள். அவன் அதை ரகசியமாகப் பதிவு செய்து, சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறான். அதற்குப் பிறகு எல்லோரும் அவளைப் பேயைப் போலப் பார்க்கிறார்கள்.

"இது நான் சொன்னது" என்றார் அக்கா.

அவருக்கும் ஆறாம் மாதத்தில் குழந்தை போயிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் திலீப்பிடம் மட்டும் சொல்லியிருந்தார். பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு தாய் வாயில் வரவே கூடாது என்று ஊர் நினைக்கும் வாக்கியம் அது. படத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. அப்படிப் போட்டுக் காட்டுபவன்தான் படத்தின் வில்லன். எழுதியவருக்கு அது துரோகம் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் சாப்பிடும்போது வீட்டில் நடந்ததைச் சொன்னார். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். படப்பிடிப்பு முடிந்துவிட்டது, படத்தை ஒளிபரப்பப்போகும் தொலைக்காட்சி நிலையமும் ஒப்புக்கொண்டுவிட்டது, இனி முடியாது என்று திலீப் கையை விரித்துவிட்டார். அது யார் சொன்னது என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டாராம்.

"அது மட்டுமா? 'படத்துலயே அதான் நல்ல வரி, கமலா'ன்னாரு" என்றவர், அப்பளத்தை நொறுக்கினார். "பாராட்டுறாராம்."

இந்தப் படத்துக்குச் சப்டைட்டிலை நான் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தானே உட்கார்ந்து முழுப் படத்தையும் எழுதினார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டார். ஒரு வசனம் விடுபட்டாலும் நிலையம் படத்தை ஏற்றுக்கொள்ளாது. தயாரிப்பாளர் ஏன் என்று கேட்டு வருவார்.

"வரட்டும். அவர்கிட்ட நேராவே சொல்றேன், இதை எடுங்கன்னு" என்றார்.

தயாரிப்பாளர் கேட்பதற்குள் அக்கா போய்விட்டார்.

மண்டாயில் தகனம் முடிந்தது. திலீப் உண்மையாகவே அழுதார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ப்ரியா, அவ ஒரே ஒரு வரி விட்டுட்டா போல. கம்பெனில கேக்குறாங்க. நீ போட்டுக் குடுத்துடுறியாம்மா? படத்தோட ஆரம்பத்துல அவ பேரைப் பெருசா போடச் சொல்லியிருக்கேன்."

அக்கா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியாது. நான் தலையைக்கூட அசைக்கவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கோப்பு இப்போது என் கணினியில் இருக்கிறது. அந்த வரி திரையில் தோன்ற வேண்டிய நேரத்தையும் மறைய வேண்டிய நேரத்தையும் அக்காவே குறித்து வைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். இன்று ஞாயிறு. அந்த வரிக்கான கட்டம் காலியாக இருக்கிறது.