சந்தை நாளில் ஒரு குறுக்குவழி

பலேர்மோ துறைமுக நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில் கிறிகோரியிடம் வாய்கொடுத்தவர்கள் எளிதில் தப்பியதில்லை. மீன் வாங்கப் போனாலும் மார்க்கெட் ஓல்ட்பியைப் பற்றித்தான் பேச்சு. இங்கிலாந்தில் அது ஒரு சின்னஞ்சிறு சந்தை ஊர். எந்தக் காலத்திலோ ஒரு ராசா அங்கே சந்தை கூட்ட அனுமதி கொடுத்தாராம். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லையாம். கல்தூண்களில் நிற்கும் சந்தை மண்டபம், விதவைகளுக்கென்று கட்டிய பழைய வீட்டு வரிசை, தானியக் களஞ்சியமாக இருந்து நூலகமான கட்டடம், காசு கேட்காத கழிப்பறை.

"கழிப்பறையும் ராசா கட்டினதோ?" என்று நண்பர் பெனடிக்ற் சீண்டுவார்.

பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகப் பலேர்மோவை விட்டு அங்கே போன தமிழ்க் குடும்பம் அவருடையது. கிறிகோரி அந்தச் சந்தைத் தெருக்களைக் கூட்டினார். சந்தை கலைந்த பிறகு மனைவி செலஸ்ரீனா தேநீர்ப் போத்தலோடு தூணடியில் நடுங்கிக்கொண்டு நிற்பாள். "வெயிலுக்குத் திரும்பிப் போவம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஊர் மண்ணுக்குள் போய்விட்டாள். கிறிகோரி மகனோடு பலேர்மோவுக்குத் திரும்பி வந்தார்; மகள் அங்கேயே தங்கிவிட்டாள். அவர் பேசும் ஊர்ப்பெருமை எல்லாம் அவளை விட்டுவந்த ஏக்கம்தான்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் சனிக்கிழமை வந்தது. பலேர்மோவே செவ்வந்திப் பூவோடு கல்லறைகளுக்குப் போனது. கிறிகோரி பூ வாங்கவில்லை. வைக்க அவருக்கு இங்கே யாரும் இல்லை. ஓல்ட்பியில் தாதியாக இருக்கும் மகள் சுஜானி மதிய இடைவேளையில் அம்மாவுக்குப் பூ வைப்பதாகச் சொல்லியிருந்தாள். அவர் துறைமுகத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். தொலைபேசி அடித்தது.

"அப்பா, சந்தைக்காக றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். சுத்திப் போக நேரம் காணாது. வேலை முடிய இருட்டிப்போடும்."

இன்றைக்குச் செலஸ்ரீனா ஒரு பூவும் இல்லாமல் கிடப்பதா?

"காரை விட்டிட்டு நட. மண்டபத்துத் தூணுகளுக்குள்ளாலை போ. மரக்கறிக்காரன் மறிச்சா கிறிகோரியின்ரை மகள் எண்டு சொல்லு."

போனுக்குள் சந்தை இரைச்சல் கேட்டது. "சொல்லிப்போட்டன். உங்களைச் சுகம் கேக்கிறான்."

"கதைச்சு மினக்கெடாதை. நூலகத்துக்குப் பின்னாலை குறுக்காலை போற ஒரு ஒழுங்கை இருக்கு. விதவையளின்ரை வீட்டு மதிலோடை போ. பாசி வழுக்கும், பாத்து."

மூச்சிரைப்பு கேட்டது. பிறகு கல்லறைத் தோட்டத்து இரும்புப் படலை திறந்து கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்து நின்றார்.

"பூ வைச்சிட்டன், அப்பா. போனை அம்மாவிட்டைப் பிடிக்கிறன். கதையுங்கோ."

ஊர் முழுக்க வாயாடித் திரிந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தலை சுட்டது.

"செலஸ்ரீனா," என்றார். "இஞ்சை நல்ல வெயில்."